பன்னீர் பொம்மையும் முந்நூத்தி நாப்பதும்

வந்துட்டாய்ங்கய்யா, வந்துட்டாய்ங்க! தாலி கட்டியாச்சு, மெட்டி போட்டாச்சு, போட்டோக்காரன் பேட்டரி தீந்து சார்ஜ் போட்டுட்டு அவனே ஒரு ரவுண்டு சாப்பிட்டுட்டு வந்துட்டான். நீங்க கரெக்டா ரசம் கொதிக்கிற வாசனைக்கு வந்து எறங்குறீங்க. டேய் ஜோதி, அது இந்தா நிக்கிற அன்வர் சட்டைதான? பட்டனைப் பாரு, பூராம் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது. நீ ஒரு வடை சேத்துத் தின்னன்னா எதுக்க உக்காந்திருக்கவன் கண்ணு போயிரும்.

இப்ப மேல போகாதீங்க. பந்தி ஓடுது. போனா சாப்பிடுறவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு, அவன் எப்படா மோருக்கு வருவான்னு எலையவே பாத்துக்கிட்டு நிக்கணும். அசிங்கம். இந்தப் படியில உக்காருங்க. அடுத்த பந்திக்கு அப்பா கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காரு.

ஆமா, அப்பாதான். என்கிட்டதான் சொன்னாரு. என்னடா ரெண்டு பேரும் மூஞ்சிய அப்படி வைக்கிறீங்க? அதத்தான் சொல்ல வாறேன்.

வாசல்ல தலையில துண்டு போட்டு ஒரு பொம்பளைப் பொம்மை நிக்கிதுல்ல, பட்டுச்சேலை கட்டி, தொப்பலா நனைஞ்சு போயி? அதப் பாத்துட்டு யாரோ பெரியவங்கன்னு நெனச்சு ஜோதி கும்புட்டுட்டு வந்தான், நான் பாத்தேன். அதான்டா நான் செஞ்ச ரோபோ. அங்கிட்டு சேர்ல ஒரு பெரியவர் மாப்ளயோட டீசர்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, நெஞ்சுல மண்டையோடு படம் போட்டது, அவர்தான் மாப்ளயோட பெரியப்பா, நஞ்சப்பன். பல்லடத்துக்காரரு. அவரு பட்டுச்சட்டை மொட்டை மாடியில காயுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு.

என் கதை உங்களுக்குத் தெரியும். காலேஜை விட்டேன். விட்டேன்னு சொல்றதா, அது என்னைய விட்டுச்சுன்னு சொல்றதா. கடைசியா எழுதுன பரீட்சையில மூணு மணி நேரம் உக்காந்து, பேப்பர்ல நான் எழுதுனது மொத்தமே ஒரே ஒரு எழுத்து. அத விடுங்க. அன்னையிலருந்து எங்கப்பா என்கிட்ட பேச்சை நிப்பாட்டிட்டாரு. சண்டையெல்லாம் கிடையாது. நான் நேர எதுக்கதான் உக்காந்திருப்பேன். "அவனுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு"ம்பாரு எங்கம்மாகிட்ட. எங்கம்மா என்னையப் பாத்து "வேணுமாடா?"ங்கும். "போதும்னு சொல்லும்மா"ன்னு நான் சொல்லுவேன். "போதுமாம்"னு அம்மா அவருகிட்ட சொல்லும். ஒரு தோசைக்கு இத்தன கவுண்டர்ல போயி நிக்கணும்.

எங்கப்பா சோலைமலை என்ன ஆளுன்னு ஊருக்கே தெரியும். பத்திரம் எழுதுறவரு. அவரு கையால எழுதிக் குடுப்பாரு, டைப் அடிக்க வேற ஆளு. சோலைமலை எழுதுன பத்திரத்துல ஒரு கமாகூட திரும்பி வராதும்பாய்ங்க. பொய் வராது அவரு வாயில. வந்தா ஸ்டாம்பு பேப்பர் வேஸ்ட்டாப் போயிரும்ங்கற மாதிரி பேசுவாரு. இன்னொண்ணு, எதை எழுதுனாலும் மேல ஒரு பிள்ளையார் சுழி. பத்திரத்துக்கு மட்டுமில்லடா. மளிகைச் சாமான் சீட்டுக்கு சுழி. தண்ணி லாரிக்காரன் நம்பர் எழுதி வச்ச அட்டைக்கு சுழி. கேஸ் சிலிண்டர்ல சாக்பீஸ்ல தேதி போடுவாரு, அதுக்கு மேல சுழி. சிலிண்டர் பத்த வைக்க பயமா இருக்கும், சாமி கோச்சுக்குமோன்னு.

அப்பேர்ப்பட்ட மனுசன், எங்கக்கா ரேணுகாவைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்ன பண்ணாரு தெரியுமா? நஞ்சப்பன் பெரியப்பா கேசரியை எடுத்துக்கிட்டே, "ஏனுங்க, தம்பி என்ன பண்றாப்லைங்க?"ன்னாரு. அம்மா தண்ணி கொண்டாறேன்னு உள்ள ஓடிருச்சு. ஸ்டூல் மேல நான் ஆன்லைன்ல வாங்குன ஒரு பெட்டி கெடந்துச்சு, சின்னக் கார் செய்யிற கிட்டு. சுவத்தைப் பாத்தா திரும்பிப் போகும்னு போட்டிருந்தான். என்னோடது சுவத்தைப் பாத்தா ஆசையா போயி முட்டும். அப்பா அந்தப் பெட்டியைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. "ரோபோ பண்றாங்க"ன்னுட்டாரு.

அவ்வளவுதான். பெரியப்பா கேசரியை வச்சுட்டு எந்திரிச்சே நின்னுட்டாரு. "அட! அப்பறம் என்னுங்க. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல பன்னீர் தெளிக்க ஒரு ரோபோ செஞ்சு போடுங்க தம்பி. எங்க பக்கம் பூராத்துக்கும் நான் சொல்லிப்போடறேன்." அவுங்க கார் பைபாஸ் ஏறுறதுக்குள்ள அவுங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்துருச்சு. எவனோ எனக்கு விஞ்ஞானின்னு பேரு வச்சிருக்கான்.

எங்கக்கா அன்னைக்கு என்னையத் தனியா கூப்பிட்டுச்சு. அழுகல. அழுதிருந்தாகூட ஏதாவது ஜோக்கடிச்சு சமாளிச்சிருப்பேன். "டேய், நீ உருப்படு, உருப்படாமப் போ. ஆனா அப்பா பொய் சொன்னாருன்னு அந்த வீட்டுல யாராவது ஒரு வார்த்தை சொன்னா, நான் அங்க தலை நிமிந்து சோறு திங்க முடியாது"ன்னுச்சு. அப்பறம் அதோட ஆபீஸ் லேப்டாப்பை என் மடியில வச்சுட்டுப் போயிருச்சு. என் லேப்டாப்பு என்னாச்சா? வித்து நாம மூணு பேரும் பிரியாணி தின்னோம்ல. ஞாபகம் இல்லையா? அதான, ஏப்பம் வந்ததும் மறந்துருவீங்க.

உடம்பு ஈஸிடா. மூடிட்டுப் போன ஜவுளிக்கடை பொம்மை ஒண்ணு கெடச்சுது. ஒரு கை ஒடஞ்சது. நமக்கு வசதிதான், அந்த எடத்துல மோட்டாரு, அதுல ஒரு கம்பி, கம்பியில பன்னீர்ச்செம்பு. இடுப்புல ஒரு சென்சாரு, அதான் கண்ணு. ஆளு வந்தா கை ஆடணும், பன்னீர் விழுகணும். உள்ள தேன்மிட்டாய் டப்பா சைசுல நீலக் கலர்ல ஒரு போர்டு. அதுக்கு என்ன செய்யணும்னு கம்ப்யூட்டர்ல எழுதி, ஒயர் வழியா அனுப்பணும். எழுதுறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போடணும். யூட்யூப்ல ஒருத்தன் இருக்கான், கண்ணாடி போட்டுக்கிட்டு, "வெரி சிம்பிள் ஃப்ரெண்ட்ஸ், அஞ்சே நிமிஷம்"னு ஆரம்பிப்பான். அவன் அஞ்சு நிமிஷத்துல எங்கக்காவுக்கு நிச்சயதார்த்தம் முடிஞ்சிருச்சு.

மொதத் தடை, லேப்டாப்பு ஆபீஸோடதா, எதைப் போட்டாலும் பாஸ்வேர்டு கேக்குது. அது அக்காகிட்ட கிடையாது, பெங்களூர்ல அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாத்துக்குற ஹரீஷ்னு ஒருத்தன்கிட்டதான் இருக்கு. அக்கா ஆபீஸுக்கு எழுதிப் போட்டு, அவன் போன்ல வந்தான். "மேம், இது எதுக்கு?"ன்னான். எங்கக்கா, சோலைமலை பொண்ணு, கண்ணை மூடிக்கிட்டு "ஆடிட்டுக்கு"ன்னுச்சு. பன்னீருக்கும் ஆடிட்டுக்கும் என்னடா சம்பந்தம்? அவன் ஒண்ணும் கேக்கல. "நான் உள்ள வாரேன், நீங்க மவுஸத் தொடாதீங்க"ன்னான்.

வந்தான்டா. அங்கருந்தே ஓட்டுறான். அம்புக்குறி தானா நகருது, தானா பொட்டி தொறக்குது, தானா மூடுது. நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறேன். அப்பப் பாத்து எங்கப்பா பனியனோட அந்தப் பக்கம் வந்தாரு. நின்னுட்டாரு. அவரு அந்த லேப்டாப்பை வெடிகுண்டு மாதிரி ஒரு முழம் தள்ளித்தான் பாப்பாரு. என் கையைப் பாக்குறாரு, ஸ்க்ரீனைப் பாக்குறாரு. மறுபடி என் கை. நான் என்ன செய்யணும்? ஹரீஷ்னு ஒருத்தன் இருக்கான்ப்பான்னு சொல்லணும். எங்க சொன்னேன். அவருக்கு நல்லாத் தெரியட்டும்னு ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுனேன், போலீஸ்கிட்ட சரண்டர் ஆகுற மாதிரி.

"அவனுக்கு டீ போட்டுக் குடு"ன்னாரு அம்மாகிட்ட.

மறுநாளு பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டியாந்தாரு. அதுக்கு அடுத்து ஆபீஸ்ல கூட எழுதுற ரெண்டு பேரு. "தொடாமலே ஓடுதுய்யா, வந்து பாரு." எங்க வீட்டு ஹால்ல சேர் போட்டு உக்காந்து மவுஸ் ஓடுறதைப் பாக்குறாய்ங்க. எங்கம்மா சுண்டல் குடுக்குது. ஒருநா ஹரீஷ் ஸ்க்ரீன்ல "டோன்ட் டச்"னு அடிச்சான். முன்னாடி உக்காந்திருந்த தாத்தா ஒருத்தரு பதறிக் காலை மடக்கிக்கிட்டாரு. "பேசவும் செய்யுது"ன்னு அப்பா சொன்னாரு பாரு, அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. பெருமைடா. என்னைய வச்சு!

சாஃப்ட்வேர் ஏறுச்சு. ஏறுனா முடிஞ்சிச்சா? பத்திர ஆபீஸ் வேலைதான் அது. ஒரு எடம் வாங்கணும்னா தாய்ப்பத்திரம் கேப்பான், தாய்ப்பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரம் கேப்பான், கடைசியில வெள்ளைக்காரன் காலத்துப் பாட்டன் கைநாட்டுல போயி நிக்கும். அதே மாதிரி மோட்டாரை ஓட்ட எவனோ எழுதி வச்ச ஒரு லைப்ரரியைப் போடுங்கறான். லைப்ரரி போட்டா, இதுக்கு இன்னொரு லைப்ரரி வேணும்ங்கறான். அதப் போட்டா, வெர்சன் பழசுங்கறான். புதுசு போட்டா முன்ன போட்டது கோச்சுக்குது. எல்லாம் ஹரீஷ் வந்துதான் போடணும். கூட ஒரு தமிழ் கீபோர்டும் போடச் சொன்னேன். "இது எதுக்கு ப்ரோ?"ன்னான். "ஆடிட்டு"ன்னேன்.

எல்லாம் போட்டு போர்டை மாட்டுனா, லேப்டாப்பு போர்டு இருக்கறதாவே காட்டிக்கல. லைட்டு எரியுது, ஆனா பேச்சு வார்த்தை இல்ல. ரொம்ப நாள் மண்டையை ஒடச்சிக்கிட்டேன். கடைசியில பாத்தா ஒயரு. செல்போன் சார்ஜர் ஒயரு. சில ஒயர்ல கரண்டு மட்டும்தான் போகுமாம், சேதி போகாதாம். அடப்பாவி, இது எங்கப்பன் டிசைனாச்சேன்னு நெனச்சேன். தோசை வரும், பேச்சு வராது.

வேற ஒயரு வாங்குனேன். அதுக்கப்பறமும் அந்தப் போர்டுல முந்நூத்தி நாப்பதுன்னு ஒரு சிப்பு, அதுக்குத் தனியா ட்ரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் போடணும்னு கண்ணாடிக்காரன் சொன்னான். போட்டாச்சு. போர்டு தெரிஞ்சிருச்சு. அப்படியே ஆடுனேன்டா ஹால்ல. சுண்டல் தின்னுக்கிட்டிருந்தவங்க கை தட்டுனாங்க, எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது.

கண்ணாடிக்காரன் எழுதுன புரோகிராமைக் காப்பி பண்ணி, என் ஃபைல்ல ஒட்டி, ஓட்டுறேன். கீழ செவப்பா வருது. என்ன வருது தெரியுமா? "ஸ்ட்ரே முந்நூத்தி நாப்பது இன் புரோகிராம்." ஸ்ட்ரேன்னா என்ன? தெருநாய்க்குச் சொல்லுவாய்ங்கல்ல, ஸ்ட்ரே டாக். அப்ப முந்நூத்தி நாப்பது அவுத்துக்கிட்டுச் சுத்துது. முந்நூத்தி நாப்பதுன்னா எவன்? அந்த சிப்புதான! ஆளு சிக்கிட்டான்டான்னு ட்ரைவரைத் தூக்குனேன், மறுபடி போட்டேன். அதே செவப்பு. தூக்கு, போடு. பழசு போட்டுப் பாரு, புதுசு போட்டுப் பாரு. போர்டையே மாத்திப் பாத்தேன். அதே முந்நூத்தி நாப்பது. அதுக்குக் கீழ எரநூத்தி அம்பத்தாறு, எரநூத்திப் பதினொண்ணுன்னு ரெண்டு மூணு வரி இருந்துச்சு. அதையெல்லாம் யாரு பாத்தா? திருடன் கையில கெடச்சப்பறம் அவன் சித்தப்பாவை எவன் தேடுவான்?

ஹரீஷும் தெனம் வந்து ட்ரைவரைக் கழட்டி மாட்டுறான். நான் ட்ரைவர்தான் பிரச்சினைன்னு அடிச்சு சொல்லிட்டேன்ல, அவன் வேற எதையும் தொறந்தே பாக்கல. அப்பாவோட கூட்டம் பெருகுது. அக்கா கல்யாணப் பொடவை எடுக்கப் போன கடையிலருந்து போன் பண்ணி "ஆடுதா?"ன்னு கேக்குது. "கொஞ்சந்தான் பாக்கி"ன்னு சொல்றேன். அந்தக் கொஞ்சத்துக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது.

இன்னைக்குக் காலையில கல்யாணமே வந்துருச்சு. பொம்மைக்கு அம்மாதான் சேலை கட்டுச்சு, பொட்டு வச்சுச்சு. வாசல்ல நிப்பாட்டுனேன். பக்கத்துல சேர்ல லேப்டாப்பு, சேலைக்கு அடியில ஒயரு. பல்லடம் பஸ் வந்து நிக்குது. அத்தன பேரும் எறங்குனதும் உள்ள போகல. பொம்மையைச் சுத்தி வளையம் கட்டிட்டாய்ங்க, கையில போனு. நடுவுல நஞ்சப்பன் பெரியப்பா, பட்டுச்சட்டை, அங்கவஸ்திரம். "மொதல்ல நானுங்க தம்பி"ன்னு கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரு. எங்கப்பா தூணுக்கிட்ட. மாடி ஜன்னல்ல எங்கக்கா, பாதி சடை பின்னிட்டு.

அமுக்குனேன். செவப்பு. முந்நூத்தி நாப்பது.

"ஆகுங்களா?"ங்கறாரு பெரியப்பா. "ஆகுது ஆகுது, சூடாகணும்"ங்கறேன். மறுபடி அமுக்குனேன். செவப்பு. பின்னாடி எவனோ, "ரோபோ பண்றான்னு சொன்னாங்க, பொம்மையில்ல பண்ணி வெச்சிருக்கான்"ங்கறான். சிரிக்கிறாய்ங்க. ஜன்னலைப் பாத்தேன். அக்காவைக் காணோம்.

அப்ப ஒல்லியா ஒருத்தன், தோள்ல பையோட, கூட்டத்தை வெலக்கிட்டு வாரான். "ப்ரோ, ஐ ஆம் ஹரீஷ்." பெங்களூர்லருந்து கல்யாணத்துக்கே வந்துட்டான்டா! அத்தன நாள் வெறும் அம்புக்குறியா இருந்தவன் ஆளா வந்து நிக்கிறான். லேப்டாப்பைத் திருப்பி, கீழ செவப்பைப் பாக்கல, மேல, மேல, மேலன்னு தள்ளிட்டுப் போயி மொத வரியில நிப்பாட்டுனான். "இது என்ன ப்ரோ, ரெண்டு மாதிரி ஏதோ இருக்கு?"ன்னான்.

பாத்தேன். உ.

பிள்ளையார் சுழிடா! புரோகிராமுக்கு மேல, தனியா, அழகா. கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து புரியல, அதுக்கு உள்ள இருக்க நம்பரைச் சொல்லி, இது யாரு வீட்டுப் புள்ளைன்னு இத்தன நாளா கத்திக்கிட்டு இருந்திருக்கு. நான் ட்ரைவரைப் போட்டு அடிச்சிருக்கேன். ஏன் கண்ணுல படலன்னு கேக்காத. பத்திரம் எழுதுற வீட்டுல பொறந்தவனுக்கு உ கண்ணுக்கே தெரியாது. பேப்பரோட சேந்து வர்றதுன்னுதான் நெனப்பான்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். அத்தன பேரு முன்னாடி எங்கப்பாவைப் பாத்துக் கத்துனேன். "சிலிண்டர்ல போட்டீங்க, சும்மா இருந்தேன். தண்ணி லாரி நம்பருக்குப் போட்டீங்க, சும்மா இருந்தேன். இதுலயும் கொண்டாந்து போடணுமா? நீங்க போட்ட சுழியாலதான் இது ஓடல! கேட்டுட்டுப் போடக் கூடாதா?"

நாதஸ்வரக்காரன்கூட நிப்பாட்டிட்டான். பெரியப்பா, "ஏனுங்க சம்பந்தி, நீங்களா போட்டீங்க?"ன்னாரு.

எங்கப்பா என்னையப் பாத்தாரு. நேரா. ரொம்ப நேரம் இல்ல, ஒரு மூச்சு. அப்பறம் பெரியப்பாகிட்ட, "ஆமாங்க. நாந்தான் போட்டேன். பழக்கதோஷம். புள்ள மேல தப்பு இல்ல"ன்னாரு. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, நடுவுல அம்மா இல்ல, யாரும் இல்ல, "அழிச்சிட்டு ஓட்டுப்பா"ன்னாரு.

அழிக்க வேணாம்னுட்டான் ஹரீஷ். சுழிக்கு முன்னாடி ரெண்டு சாஞ்ச கோடு போட்டா போதுமாம், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமத் தாண்டிப் போயிருமாம். சாமிக்கு மட்டும் தனியா ஒரு வரி. போட்டேன். அமுக்குனேன்.

கை ஆடுச்சுடா! பெரியப்பா மேல பன்னீர் விழுந்துச்சு. கூட்டம் "ஓ"ன்னு கத்துது. பெரியப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு, பொம்மையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. பொம்மை அந்தக் கையைப் பாத்துட்டு, அடுத்த ஆளு வந்துட்டாருன்னு நெனச்சு மறுபடி ஊத்துச்சு. மரியாதைக்காரரு, மறுபடி கும்புட்டாரு. அது மறுபடி ஊத்துச்சு. "போதுமுங்க, போதுமுங்க"ன்னு கும்புடுறாரு, கும்புட கும்புட ஊத்துது. கையை எறக்குங்க பெரியப்பான்னு நான் கத்துறேன், "அதெப்பிடிங்க, அது ஊத்தறப்ப நாம எறக்கறது"ங்கறாரு. செம்பு காலியாகி, வெறும் கை வேகம் தாங்காம செம்பே பறந்து போயி சந்தனக் கிண்ணத்துல விழுந்துச்சு. ஒயரைப் புடுங்குனேன்.

அவரு சொட்டச் சொட்ட என்னையக் கட்டிப் புடிச்சாரு. பேத்திக்குக் காதுகுத்துக்கு இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். மாடியிலருந்து எங்கக்கா பாதிச் சடையோட எறங்கி ஓடியாந்து அப்பாவைக் கட்டிக்கிச்சு. அப்பா அதோட பூவைச் சரி பண்ணி விட்டாரு. அப்பறம் என்கிட்ட வந்து, "சாப்பிட்டியாப்பா?"ன்னாரு. எவ்வளவு நாளாச்சு தெரியுமாடா அந்தக் கேள்வி நேரா வந்து? "போதும்னு சொல்..."ன்னு ஆரம்பிச்சுட்டேன், பழக்கதோஷம்.

இருங்க, அதோ அவரேதான் கூப்பிடுறாரு. "இலை போட்டாச்சு, உன் சிநேகிதங்களக் கூட்டிட்டு வாப்பா!" வாறோம்ப்பா! கேட்டீங்கல்ல, வாப்பாவாம். வா ஜோதி, பட்டனைப் புடிச்சுக்க.

என்ன அன்வரு, எந்திரிக்காம உக்காந்திருக்க? என்ன கேட்ட? அவருக்கு லேப்டாப்புல தமிழ் எப்படி அடிக்கத் தெரிஞ்சுதா? டேய், நீ எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கிறன்னா அத எக்ஸாம் ஹால்ல காட்டு. கல்யாண வீட்டுல எதுக்குடா விசாரணை? ஒரு முழம் தள்ளித்தான் நிப்பாருன்னு நானே சொன்னேனா? சொன்னேன். தமிழ் கீபோர்டு யாரு போடச் சொன்னான்னா கேக்குற?

சரிடா. சரி. மொத நாளு அந்த ஃபைலைத் தொறந்தப்ப வெள்ளையா வந்துச்சு. காலேஜ் பரீட்சைப் பேப்பர் மாதிரியே. அன்னைக்கு அந்தப் பேப்பர்ல நான் எழுதுன ஒரே எழுத்து எதுன்னு நெனைக்கிற? அதையேதான் இதுலயும் மொத எழுத்தா அடிச்சேன். அடிச்சதை மறந்தும் போயிட்டேன், அது சத்தியம். ஆனா அவரு "நாந்தான்"னு சொல்லும்போது எனக்கு ஞாபகம் வந்துருச்சு. வந்தும் வாயைத் தொறக்கல. சுழியைப் போட்டது நான்தான்டா.